மெதுவாகப் போகத் தெரியாத வண்டி

"அண்ணே, வண்டி ரொம்ப வேகமாப் போகுது" என்றாள் தவமணி.

காளவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் பட்டறை. அதன் வாசலில், வண்டியை விட்டு இறங்காமல் அவள் இதைச் சொன்னபோது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வெல்டிங் புகை, எதிர்க்கடையில் வடைச்சட்டி எண்ணெய். இரண்டும் கலந்த வாசனையில்தான் என் வாழ்க்கையில் பாதி ஓடியிருக்கிறது.

தவமணிக்கு வண்டியிலிருந்து இறங்குவது பெரிய வேலை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப் போய்விட்டன. உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் பால் சொசைட்டியில் வேலை. பாலை அளந்து, கொழுப்புப் பார்த்து, தண்ணீர் கலந்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்கிற வேலை. அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்கும், மீதிப் பேருக்கு அவளைக் கண்டால் பயம்.

அவள் உட்கார்ந்திருந்த வண்டி நான் செய்து கொடுத்தது. கடையில் வாங்கிய சாதாரண ஸ்கூட்டர்தான். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு சக்கரம் வைத்து, சாயாமல் நிற்கும்படி சட்டம் அடித்துக் கொடுப்பது என் தொழில். ஊருக்குள் 'சைடு வீல் பட்டறை' என்றால் தெரியும்.

இந்தத் தொழிலில் புகார்களுக்குப் பஞ்சமில்லை. மேட்டில் இழுக்கவில்லை என்பார்கள். பிக்கப் இல்லை என்பார்கள். பக்கத்துத் தெருக்காரன் வண்டி தன்னை முந்திவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள்கூட உண்டு. வேகமாகப் போகிறது என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்.

பிரேக் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் நன்றாகப் பிடிக்கிறதாம்.

"நிக்கச் சொன்னா நிக்குது. போகச் சொன்னாப் பறக்குது. மெதுவாப் போகத்தான்ணே அதுக்குத் தெரியல."

"எம்புட்டு மெதுவா?"

"கொட்டுக்காரக நடக்குறாக பாருங்க, அம்புட்டு மெதுவா."

உள்ளே வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த ஜமால் பாய் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். மகபூப்பாளையத்துக்காரர். என்னோடு பட்டறையைச் சேர்ந்து நடத்துகிறவர். ஒரு வேலை வித்தியாசமாக வந்துவிட்டால் அவருக்குக் காது நீளும்.

முதல் தட்டு

மேற்கே உசிலம்பட்டிச் சீமையில் ஒரு வீட்டில் காதுகுத்து என்றால் அந்த வீட்டுக்காரருக்கு அடுத்தபடி பெரிய ஆள் தாய்மாமன்தான். சீர் அவருடையது. பிள்ளையை மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மடியும் அவருடையதுதான்.

சீர் என்றால் சும்மா வந்து கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஊர் மந்தைத் திடலிலிருந்து கொட்டு முழங்க, தட்டுத் தட்டாகத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக வரவேண்டும். பழம், தேங்காய், துணிமணி, அண்டா குண்டா, மாலை போட்ட கிடாய் எல்லாம் வரிசையில் வரும். கொட்டுக்குப் பின்னால் முதலில் வருகிற தட்டில் பிள்ளைக்கான நகையும் பட்டும் இருக்கும். அந்தத் தட்டு யார் தலையில் வருகிறதோ அவர் பெயரைத்தான் பந்தலில் மைக்கில் சொல்வார்கள். வாங்கியது யார், கொடுத்தது யார் என்றெல்லாம் மைக்காரர் விசாரிக்க மாட்டார்.

தவமணிக்கும் அவள் அக்கா செல்விக்கும் உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. செல்வியின் மூத்த பிள்ளைக்குக் காது குத்தியபோது பெரியப்பா மகன் காசிமாயன் மாமன் முறைக்கு வந்து நின்றிருக்கிறான். சீர்ச் சாமான் அத்தனையும் தவமணியின் சம்பளத்தில் வாங்கியது. தட்டு காசிமாயன் வீட்டுக்காரி தலையில் போயிருக்கிறது. நடக்க முடியாத தவமணியைக் குட்டியானை வண்டியின் பின்னால் சாமான்களோடு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"மைக்ல அண்ணன் பேரச் சொன்னாக. நான் அண்டாவுக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்ணே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வருகிறது. தவமணி அக்கா வீட்டில் பேசி, காசிமாயனிடம் பேசி, ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மடிக்குக் காசிமாயன் உட்காரட்டும். முதல் தட்டு மட்டும் அவளுடையது. அதைக் கேட்டுவிட்டுக் காசிமாயன், சரி, ஆனால் ஊர்வலத்தில் எப்படி வருவாய் என்று கேட்டிருக்கிறான். கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்வியோடுதான் அவள் என் பட்டறைக்கு வந்திருந்தாள்.

மாலை கட்டிய திறந்த வண்டியில் யாராவது ஓட்ட, முன்னால் உட்கார்ந்து போகலாமே என்றேன். மாட்டேன் என்றாள். சக்கர நாற்காலியில் ஒருத்தர் தள்ளிக்கொண்டு வரலாமே என்றார் பாய்.

"தள்ளுறவர் பேரையும் சேத்து மைக்ல சொல்லணுமா பாய்?" என்று கேட்டாள். பாய் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிரிக்கிற விவசாயி

கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிற நண்பர் ஒருவர், நீங்கள் நேராகவே கதை சொல்ல மாட்டீர்களா என்று போனில் கேட்டார். நேரான ரோட்டில் தூக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு நான் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். ஏசி அறை. சுவரில் ஒரு விவசாயியின் பெரிய படம். தலைப்பாகையும் வெள்ளை வேட்டியுமாக, பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிப்பார். எங்கள் மேனேஜர் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் படத்தைக் காட்டி, இவருக்காகத்தான் நாம் யோசிக்க வேண்டும் என்பார். நாங்களும் அவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தோம். அவர் எதற்கும் சிரித்துக்கொண்டே இருந்ததால் எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து நிஜமான விவசாயி ஒருவர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. கரிசல் மண்ணில் மழை பெய்தால் கிணற்றடிக்குப் போகும்போதே கை முழங்கைவரை சேறாகிவிடும், அந்தக் கையோடு உங்கள் ஸ்விட்சைத் தொட்டால் வழுக்குகிறது, ஷாக் அடிக்குமோ என்று என் சம்சாரம் கிட்டேயே போக மாட்டேன் என்கிறாள் என்றார். சேற்றுக் கையோடு ஒருத்தர் ஸ்விட்சைத் தொடுவார் என்பது எங்கள் அறையில் யாருக்கும் தோன்றியதில்லை. படத்தில் இருந்தவர் கை சுத்தமாக இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பம்புக்கும் பொருந்தும்.

பட்டறை போட்ட பிறகு இந்த மாதிரி நிறையப் பார்த்துவிட்டேன். விழா வைத்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக் கொடுத்த சக்கர நாற்காலிகள் பல வீடுகளில் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருக்கின்றன. உட்காருகிற இடத்தில் குடங்கள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். குடத்துக்காகவே அளவெடுத்துச் செய்தமாதிரி இருக்கும். உட்கார வேண்டிய ஆளுக்கு அது பொருந்தாது. வாசற்படி தாண்டாது, சந்துக்குள் திரும்பாது.

வெற்றிலை வியாபாரி ஒருவர் இருந்தார். சைடு வீலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கு நிஜமாகவே ஒரு கால்தான், அவரே இப்படிச் சொல்லிச் சிரிப்பார். எதற்கய்யா கழற்ற வேண்டும் என்றேன். மாமியார் வீட்டுக்குப் போகும்போது தெருமுனையில் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டுமாம். அது இல்லாமல் வண்டி சாய்ந்துவிடுமே என்றேன். சாயட்டும், மச்சினன் வந்து பிடிப்பான், அதற்குத்தானே அவன் என்றார். செய்து கொடுத்தோம். மச்சினன் பிடித்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு பார்த்தவன், தவமணி விஷயத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மெதுவாகப் போகவேண்டும், தட்டு வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஹாண்டிலுக்கு முன்னால் தட்டு உட்கார ஒரு ஸ்டாண்டு செய்தேன். பளபளவென்று ஸ்டீல் வளையம், தட்டு ஆடாமல் இருக்கக் கிளிப், கிளிப்பில் தட்டு கீறாமல் இருக்க ரப்பர். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். டீக்கடைக்காரர் தன் கடைக்கு ஒன்று கேட்டார்.

தவமணி வந்து பார்த்தாள். வளையத்தைத் தடவிப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் இடி.

"தட்ட வண்டி தூக்குனா அது வண்டி வச்ச சீருண்ணே. என் தலையில இருக்கணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. ஸ்டாண்டைக் கழற்றி டீக்கடைக்காரருக்கே கொடுத்தேன். இன்றைக்கும் அதில்தான் பன் டப்பா இருக்கிறது.

ஊர்வலத்துக்குப் பின்னால் இருவர்

தலையில் தட்டு இருந்தால் அதைப் பிடிக்கக் கை வேண்டும். வண்டி ஓட்டவும் கை வேண்டும். கடவுள் எல்லாருக்கும் இரண்டு கைதான் கொடுத்திருக்கிறார். மேசையில் உட்கார்ந்து இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு முகூர்த்த நாளில் நானும் ஜமால் பாயும் பைக்கை எடுத்துக்கொண்டு செக்கானூரணி தாண்டிப் போனோம். அந்த மாதத்தில் அந்த ரோட்டில் சீர் ஊர்வலத்தைத் தேட வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பிளக்ஸ், ஊருக்கு ஊர் கொட்டு. ஒரு ஊர்வலத்தைப் பார்த்ததும் பைக்கை ஓரமாக விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தோம்.

நான் நினைத்திருந்தது, ஊர்வலம் ஒரே சீராக மெதுவாகப் போகும் என்று. அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் போகும், நிற்கும். முச்சந்தியில் இளவட்டங்கள் ஆடி முடிக்கும்வரை நிற்கும். சரவெடி வைத்தால் எல்லாரும் பின்வாங்குவார்கள். கிடாய் மிரண்டு குறுக்கே ஓடினால் எல்லாரும் ஒதுங்குவார்கள். மறுபடி போகும். எங்கள் ஸ்கூட்டர் இந்த மாதிரி நின்று நின்று போனால் கிளட்ச் கருகி நாறிவிடும். ரிவர்ஸில் பின்னால் வரவும் அதற்குத் தெரியாது.

பாய் கொட்டுக்காரர்களின் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் முதல் தட்டைத் தூக்கிவந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தலையில் சும்மாட்டுத் துணி, அதன்மேல் தட்டு. இடது கை தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கை சும்மா தொங்கியது. அந்தக் கையால்தான் அவர் வியர்வையைத் துடைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கும்பிடுவதுபோல அசைத்தார்.

"பாய், ஒரு கை சும்மாதான் இருக்கு" என்றேன். அவரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

அதற்குள் எங்களைத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துச் சந்தனம் பூசி, கற்கண்டு கொடுத்து, பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். யார் வழி என்று ஒரு பெரியவர் கேட்டபோது, வண்டி வழி என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு இலைக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

ஆயில் டின் கொட்டு

ஒற்றைக் கையால் ஓட்ட வேண்டும். நடக்கிற வேகத்தில் போகவேண்டும். நின்று நின்று போகவேண்டும். பின்னாலும் வரவேண்டும். பெட்ரோல் வண்டியை மறந்துவிட்டு, பழைய பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை ஜமால் பாய் தன் தெரிந்தவர் மூலம் தேடிப் பிடித்தார். அதை வைத்திருந்தவர், இது ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகிறது என்று திட்டிக்கொண்டே கொடுத்தாராம். அந்த வார்த்தையைக் கேட்டதும் பாய்க்கு முகமெல்லாம் பல்.

அதற்குச் சைடு வீல் வைத்தோம். ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இரண்டுமே வலது கைக்கு வரும்படி செய்தோம். கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். பின்னால் வருவதற்கு ஒரு ஸ்விட்ச், அதுவும் வலது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில். ஒற்றைக் கையால் பிடிக்கும்போது முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் ஹாண்டில் வெட்டும். அதனால் ஹாண்டில் கழுத்தில் கனமான ரப்பரை இறுக்கிக் கொடுத்தோம், சட்டென்று திரும்பாது.

பட்டறைச் சந்திலேயே ஓட்டிப் பார்த்தோம். தவமணி தலையில் சும்மாடு, அதன்மேல் தேங்காய் அடுக்கிய தாம்பாளம். கொட்டுக்கு எங்கே போவது? பாய் காலி ஆயில் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்பேனரால் தட்டியபடி முன்னால் நடந்தார். டீக்கடை பெஞ்சு காலியாகி எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். பாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒருவர் அவர் வீட்டுக்குப் போன் போட்டதாகப் பிறகு தெரிந்தது.

வண்டி நன்றாகத்தான் போனது. தட்டுதான் சரிந்தது. தேங்காய்கள் உருண்டு ஒன்று சாக்கடையில் விழுந்தது. நான் வண்டியைக் குனிந்து பார்த்தேன். தப்பு வண்டியில் இல்லை.

நடக்கிறவர்கள் தலைச்சுமையை இடுப்பாலும் காலாலும் சமாளிக்கிறார்கள். தவமணி தன் வாழ்க்கையில் தலையில் எதையும் சுமந்ததில்லை. சுமக்கிற வேலை எதையும் அவளுக்கு யாரும் கொடுத்ததே இல்லை. காலை ஊன்றாமல் முதுகை நேராக வைக்க அவளுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் முதுகு சாய ஒரு பலகை வைத்து, நார்க்கட்டில் நாடாவால் இடுப்புக்கு ஒரு பெல்ட் தைத்தோம். பெல்ட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். கட்டிப் போட்டமாதிரி இருக்கும் என்றாள். சேலையோடு சேர்ந்து தெரியாத கலரில் போட்டுத் தருகிறேன் என்றேன். என்ன கலர் சேலை என்று கேட்டதற்கு, ரொம்ப நேரம் யோசித்து, மாம்பழக் கலர் என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு தினமும் பால் சொசைட்டி வேலை முடிந்ததும் தன் ஊர்த் தெருவிலேயே தட்டை வைத்துப் பழகினாள். முதலில் வெறும் தட்டு, பிறகு தேங்காய். தேங்காய் விழாமல் மந்தைவரை போய் வந்துவிட்டேன் என்று போன் செய்தாள். இனி விழுந்தாலும் அது என் குற்றம்தான், வண்டி மேல் பழி போட மாட்டேன் என்றும் சொன்னாள். எந்த வாடிக்கையாளரும் எனக்கு இப்படி ஒரு உத்தரவாதம் கொடுத்ததில்லை.

பந்தலில்

காதுகுத்து செல்வியின் ஊரில், வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில். நானும் பாயும் ஸ்பேனர், ஒயர், ரப்பர், மாற்று டியூப் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போயிருந்தோம். சொந்தக்காரர்கள் மொய்க் கவரோடு வந்திருந்தார்கள்.

மந்தையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கொட்டு, அதற்குப் பின்னால் மாம்பழக் கலர்ப் பட்டில் தவமணி, தலையில் முதல் தட்டு. அவளுக்குப் பின்னால் காசிமாயன் புது வேட்டியில், அதற்குப் பின்னால் மற்ற தட்டுகளும் கிடாயும். முச்சந்தியில் ஆடினார்கள், அவள் நின்றாள். வெடி வைத்தார்கள், அவள் கட்டைவிரலால் ஸ்விட்சைத் தட்டிப் பின்னால் வந்தாள். ஒரு பெரியவர், சீர்த்தட்டு தரையில் படக்கூடாது, வண்டி டயர் தரையில் படுகிறதே, அது சேர்த்தியா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தால் உங்கள் செருப்பு படாதா என்று அவர் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வழியில் கண்ட கல்லையெல்லாம் காலால் ஓரமாகத் தள்ளினேன். தட்டு ஆடவே இல்லை.

பந்தலுக்குள் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். எதிரே மேடை. மேடைக்கு ஏறப் படிகள்.

மந்தை, தெரு, முச்சந்தி, கிடாய், வெடி எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இரண்டு பேரும் இதை யோசிக்கவில்லை. பிள்ளை மேடையில் செல்வியின் இடுப்பில் இருந்தாள். காது குத்துகிற ஆசாரி மேடையில் இருந்தார். மைக்கும் லைட்டும் மேடையில் இருந்தன. தட்டைக் கொண்டுவந்தவள் கீழே இருந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பாய் என் காதில் சொன்னார். ஆனை யார் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

இரண்டு மூன்று இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியோடு தூக்கிவிடலாம், ஒரு நிமிட வேலை என்றார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். தவமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரேக்கைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. தூக்கி வைத்துவிட்டால் அப்புறம் அவள் வந்தவளாக இருக்க மாட்டாள், கொண்டுவரப்பட்டவளாகிவிடுவாள். எனக்கு அது புரிந்தது. வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

செல்வியின் மாமனார் மேடையின் ஓரத்துக்கு வந்தார். காது சரியாகக் கேட்காத, அதிகம் பேசாத மனிதர். கீழே நடப்பதைப் பார்த்தார்.

"மாமன் மடி எங்க இருக்கோ அங்கதானப்பா காது குத்தணும்" என்றார். "ஆசாரியக் கீழ எறங்கச் சொல்லு."

மடிக்குக் காசிமாயன்தான் என்று பேச்சு என்பதை யாரோ அவர் காதருகே போய் உரக்கச் சொன்னார்கள்.

"தட்டு கொண்டாந்தது யாரு? மடி மட்டும் எதுக்கு வேற ஆளு?"

எல்லாரும் காசிமாயனைப் பார்த்தார்கள். அவன் புது வேட்டியைப் பார்த்துக்கொண்டான். பிறகு படியேறிப் போய், செல்வியின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தான். இந்தத் தொடரில் நான் அழுததாக எங்கும் எழுதியதில்லை, இங்கேயும் எழுதவில்லை, ஆனால் அழுகை பக்கத்தில் வந்திருந்தது.

போட்டோக்காரர் மட்டும், லைட்டெல்லாம் மேடையில் செட் பண்ணியிருக்கிறதே என்று முனகினார். லைட்டையும் இறக்கு என்றார் மாமனார்.

செல்வி படியிறங்கி வந்து, தங்கையின் தலையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். தவமணிக்கு அப்போதுதான் பயம் வந்தது. என்னைப் பார்த்தாள். அவள் தொடைகளில் சதை இல்லை, பிள்ளை வழுக்கிவிடும். ஆக்ஸிலேட்டர், பிரேக், ஹாண்டில் என்று எல்லாவற்றையும் அளவெடுத்தேன். மடியை அளவெடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பெல்ட்டைத் தளர்த்தி, பிள்ளையின் இடுப்பையும் சேர்த்துச் சுற்றிப் போட்டேன். எட்டியது. பாய் ஓடிப்போய்ச் செங்கல் எடுத்துவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். அதன் பிறகே தவமணி ஹாண்டிலிலிருந்து வலது கையை எடுத்து, பிள்ளையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தாள்.

ஆசாரி இறங்கி வந்து குனிந்தார். பிள்ளை வீறிட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு பந்தலே அதிரும்படி அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மைக்காரர் மாமனாரிடம் எதையோ கேட்டார், அவர் கையை நீட்டித் தவமணியைக் காட்டினார். மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய்மாமன் சீர், பிள்ளையின் சின்னம்மா தவமணி என்று சொன்னார்.

நான் தவமணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் காதைத் துடைத்துவிட்டு, மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"கொட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

மைக்காரர் கொட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடியும் சொன்னார்.